ஏழு மீட்டர் நாற்பது

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு
பெயிண்டர்கள் ஒட்டும் நீல டேப்பைப் பல்லால் கிழித்து
கூடத்துத் தரையில் என்சியோ ஒரு வண்டி வரைந்தான்.
ஏழு மீட்டர் நாற்பது நீளம்.
இரண்டு முப்பது அகலம்.
கூடம் போதவில்லை.
வண்டியின் முகப்பு நடைவழிக்குள் நீண்டு
செருப்பு அலமாரியில் முட்டி நின்றது.
"ஸ்டியரிங் உன் மழைக்கோட்டுக்குக் கீழே" என்றான்.

ஜூன் ஏழாம் தேதி சாவி கைக்கு வரும்.
பத்தொன்பது நாள்.
யோயென்சூவிலிருந்து காயானி, ஓவுலு, ரொவானியெமி, இனாரி,
அப்புறம் நார்வே, கடல், ரோடு முடிகிற இடம்.
இதுவரை நாங்கள் ஓட்டியதில் பெரியது
அவன் தம்பியின் சோபாவை ஏற்றிப் போன டிரெய்லர்.
அதையும் பின்னால் எடுக்கத் தெரியாமல்
கழற்றி, கையால் தள்ளித் திருப்பினோம்.

வாடகைக் கம்பெனி அனுப்பிய கையேடு எழுபது பக்கம்.
நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி,
பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு இன்னொன்று,
மூன்றாவதைப் பற்றிச்
சாப்பிடும்போது பேசுவதில்லை என்று முடிவு.
அதை யார் காலி செய்வதென்று காசு சுண்டினோம்.
தோற்றேன்.
மறுபடி சுண்டச் சொன்னேன். மறுபடியும்.

உயரம், மூன்று மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைவு.
அட்டையில் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்ட வேண்டுமாம்;
பாலங்கள் யாருக்கும் நிமிர்ந்து கொடுப்பதில்லை.
ஃபெர்ரியில் நீளத்துக்குத் தக்கபடி காசு.
கலைமான் ரோட்டில் படுத்திருந்தால்
ஹாரன் அடித்துப் பயனில்லை என்கிறான் என்சியோ.
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"எனக்கு அடித்தால் நான் நகரமாட்டேன்."

முட்டை கேட்டு சிர்க்கா வந்தாள், எதிர்வீடு.
நேரே நடந்து வந்தவளை
இருவரும் ஒரே குரலில் நிறுத்தினோம்:
"அது சுவர்!"
தூக்கிய காலோடு நின்றாள்.
கதவு பக்கவாட்டில், நாற்காலிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே.
சுற்றிக்கொண்டு போனாள்,
இல்லாத படியில் ஏறினாள்,
உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்து
"கதகதப்பாகத்தான் இருக்கிறது" என்றாள்.
மூன்று முட்டையோடு அதே கதவால் இறங்கிப் போனாள்.

கடைசியாகக் கட்டில்.
பின்பக்கம், குறுக்கே, நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர்.
டேப் தீர்ந்துவிட்டது;
மூன்று பக்கம் நீலம், நாலாவது பக்கம் மடித்த செய்தித்தாள்.
வைத்துவிட்டு நிமிர்ந்தவன்
ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

பதினொரு வருடமாக
அவன் குறட்டைக்கு ஓர் அறை,
என் விழிப்புக்கு ஓர் அறை.
சண்டை ஒன்றுமில்லை.
நடுவில் நடைவழி, அதில் சின்ன விளக்கு.
எழுபது பக்கத்திலும் இதற்கொரு குறிப்பில்லை.
கேஸ் சிலிண்டர் மாற்றப் படம்கூடப் போட்டிருக்கிறார்கள்.

"படுத்துப் பார்க்கலாமே" என்றான்,
டயரில் காற்றைப் பார்க்கலாமே என்கிற குரலில்.
மே மாதம்; மணி பத்தாகியும்
ஜன்னலில் பால் கலந்த வெளிச்சம்.
வெறுந்தரையில் முழங்கையோடு முழங்கை இடிக்க
யாருக்கு ஜன்னல் பக்கம் என்று
வெகுநேரம் பேசினோம்.
என் வாக்கியம் ஒன்றின் நடுவே தூங்கிப் போனான்.
சரளைமேல் ஏறும் டீசல் வண்டி அந்தக் குறட்டை.
அதில் உட்கார்ந்தபடி ஊர்களை எண்ணினேன்:
காயானி. ஓவுலு.
ரொவானியெமி தாண்டியது ஞாபகமில்லை.

எப்போதோ தாகமெடுத்து எழுந்தேன்.
சமையலறை நேரெதிரே, நாலு எட்டு.
நான் நாற்காலியைத் தடவி
ரேடியேட்டர் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

பட்டியலில் இன்னும் பாக்கி:
சரிவில் சக்கரத்துக்குக் கொடுக்க ஆப்பு இரண்டு,
ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, அங்கே இருட்டவே இருட்டாதாம்,
காதடைப்பான் நாலு ஜோடி.
ரிவர்ஸ் எடுப்பது யார் என்பது மட்டும்
முடிவாகவில்லை.